இரவல் குரல்

தமிழ்நாட்டில் சினிமாவைக் கண்ணால் கண்டு களித்தவர்கள் அதிகமா, காதால் கேட்டுக் களித்தவர்கள் அதிகமா என்று ஒரு வழக்கு எழுமானால், தீர்ப்பு காதின் பக்கமே சாயும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1952-ஆம் வருஷத் தீபாவளிக்கு வெளியான 'பராசக்தி'யின் நீதிமன்ற வசனத்தை இசைத்தட்டில் கேட்டே நெட்டுருப் போட்டவர்களையும், 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் தருமியும் இறைவனும் நடத்தும் சம்பாஷணையைக் கோயில் திருவிழாவின் குழாய் ஒலிபெருக்கி வாயிலாக வயல் வரப்பில் நின்றபடியே கேட்டுச் சிரித்தவர்களையும், ஒரு படத்தின் ஒலியை மட்டும் சுருக்கி 'ஒலிச்சித்திரம்' என்ற பெயரில் வானொலி ஒலிபரப்பியபோது அடுப்படி வேலையை நிறுத்தாமலே கண்ணைத் துடைத்துக்கொண்ட தாய்மார்களையும் கணக்கில் சேர்த்தால், திரையைப் பாராமலே திரைப்படத்தை அனுபவித்த ஒரு மகாஜனக் கூட்டம் நம் நாட்டில் இருந்தது விளங்கும். உருவத்தை விட்டுவிட்டுக் குரல் மட்டும் வீடு தேடி வந்தபோது, அதில் பாசமோ பரிதாபமோ குறைந்திருப்பதாக அவர்களில் எவரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. சரீரம் ஓரிடம், சாரீரம் வேறிடம் என்ற ஏற்பாட்டை ஒரு சமூகம் இத்தனை சகஜமாக ஏற்றுக்கொண்டது எப்படி என்பது விசாரிக்கத் தக்க விஷயம்.

சினிமா பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே நமக்கு இந்தப் பழக்கம் கைவந்திருந்தது. தோற்பாவைக் கூத்தில், விளக்கொளியில் வெண்திரையில் ஆடிய ராமனுக்கும் ராவணனுக்கும், இடையிடையே வந்து ஹாஸ்யம் செய்யும் உச்சிக்குடும்பனுக்கும், திரைக்குப் பின்னே உட்கார்ந்திருந்த ஒரே மனிதர் தொண்டையை மாற்றி மாற்றிக் குரல் கொடுத்தார். தெருக்கூத்தில் வேஷக்காரர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடி அவருக்கு மூச்சு விட அவகாசம் தந்தார்கள். நாட்டியக் கச்சேரியிலோ, பதத்தின் விரகதாபத்தை ஒருத்தி முகத்திலும் விரலிலும் காட்ட, அதே தாபத்தை மேடையோரம் அமர்ந்த இன்னொருவர் பாடுவதைச் சபையோர் ஒரே மனத்தின் வேதனையாகவே கண்டார்கள். ஆடுகிறவளின் உதடு ஏன் பேசாமலிருக்கிறது என்று கேட்கத் தோன்றியவன் ரஸிகனாக மாட்டான். இரண்டு உடம்புகளிலிருந்து வருவதை ஒரே உணர்ச்சியாகக் கூட்டிக்கொள்ளும் வித்தை ஆக இங்கே பார்ப்பவர்களிடமே இருந்தது. பின்னாளில் யந்திரம் வந்து செய்ததெல்லாம் அந்த வித்தைக்குக் கொஞ்சம் அதிக வேலை கொடுத்ததுதான்.

ஊமைப்பட காலத்தை எடுத்துக்கொள்வோம். திருச்சிராப்பள்ளியில் ரயில்வே உத்தியோகம் பார்த்துவந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் யந்திரத்தையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, கூடாரத்தோடு ஊர் ஊராகச் சென்று காட்டினார். அப்படங்களில் ஏசுநாதரின் சரிதமும் ஒன்று. படம் ஊமையாக இருந்ததேயொழியக் கொட்டகை ஊமையாக இருந்ததில்லை. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, எழுத்து வந்தால் படித்துச் சொல்லி, ஆள் வந்தால் இன்னாரென்று அறிமுகம் செய்து, சண்டை வந்தால் உற்சாகமூட்டி, சாவு வந்தால் குரலைத் தாழ்த்திக் கதை நடத்துவார். எழுத்தறியாத ஜனங்கள் மிகுந்த தேசத்தில் அவர் இல்லாவிட்டால் படம் பாதிதான். இன்று பின்னணி வர்ணனை என்று நாம் சொல்வதற்கு மூலபுருஷர் அவரே. ஆனால் அந்த விளக்கக்காரர்களில் ஒருவருடைய பெயரையாவது நாம் போற்றிக் காப்பாற்றவில்லை. இதே காலத்தில் சென்னையில் புகைப்படத் தொழில் நடத்திய ரகுபதி வெங்கய்யா, குரோனோமெகாபோன் என்ற யந்திரத்தைத் தருவித்து, திரையில் பிம்பம் ஓட, அதனோடு இணைந்து இசைத்தட்டிலிருந்து ஒலி வருமாறு குறும்படங்களைக் காட்டிவந்தார். வாய் திரையில் இருக்க, குரல் தட்டில் இருந்தது. தமிழின் முதல் பேச்சுப்படமான 'காளிதாஸ்' வருவதற்குச் சுமார் இருபது வருஷங்களுக்கு முன்னால் நடந்த சங்கதி இது.

'காளிதாஸ்' 1931-ஆம் வருஷம் அக்டோபர் 31-ஆம் தேதி சென்னை கினிமா சென்டிரலில் வெளியாயிற்று. எச். எம். ரெட்டி டைரக்ட் செய்த அந்தப் படத்தில் நாயகி டி. பி. ராஜலக்ஷ்மி தமிழில் பேச, எதிரே நின்றவர்களிடமிருந்து தெலுங்கும் பிற பாஷையும் வந்தன. ஜனங்கள் சலிக்காமல் கேட்டார்கள். திரையிலிருந்து மனிதக் குரல் வருகிறது என்பதே அதிசயமாக இருந்தபோது, எந்தப் பாஷை என்று யார் பார்ப்பது? அந்த அதிசயம் ஓய்ந்தபின்தான் ஒலியின் தரம் என்ற பிரச்னை எழுந்தது. ஆரம்ப நாட்களில் பேச்சுப்படம் எடுப்பதற்குப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறியாக வேண்டியிருந்தது. 1934-இல் ஏ. நாராயணன் சென்னையில் ஸ்ரீநிவாஸ சினிடோன் என்ற ஒலிப்பட ஸ்டூடியோவை நிறுவி 'ஸ்ரீநிவாஸ கல்யாணம்' எடுத்தபோது, அதன் ஒலிப்பதிவை மேற்கொண்டவர் அவருடைய மனைவி மீனாட்சி நாராயணன். பெண்கள் நடிக்க வருவதையே ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்த அந்த நாளில், ஒரு தமிழ்ப் பெண்மணி காதில் கேள்கருவியை மாட்டிக்கொண்டு, குரலின் ஏற்றத்தாழ்வை நிறுத்துப் பார்த்துப் பதிவு செய்தார் என்பது நம் சினிமா சரித்திரத்தில் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டிய செய்தி; இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் அவரே.

அவரும் அவர் காலத்தவரும் பட்ட பாட்டை இன்று எண்ணிப் பார்ப்பதும் கடினம். நடிகரே பாட வேண்டும், பாடும்போதே படம் பிடிக்க வேண்டும், படம் பிடிக்கும்போதே ஒலியும் பதிவாக வேண்டும். ஆகவே காதலனும் காதலியும் நந்தவனத்தில் டூயட் பாடி உலாவினால், காமிராவின் பார்வைக்கு அகப்படாமல் ஆர்மோனியக்காரரும் தபேலாக்காரரும் புதருக்குப் பின்னே ஒதுங்கி வாசிக்க வேண்டும். வெயிலை நம்பித் திறந்த வெளியில் எடுத்த காட்சிகளில் காகங்களும் வஞ்சனையில்லாமல் கலந்துகொண்டன. அவற்றை விரட்டுவதற்கென்றே காற்றுத் துப்பாக்கியோடு ஆள் வைத்திருந்ததாக அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் சொல்லிச் சிரிப்பதுண்டு. ஒலி, வெளிச்சமாக மாற்றப்பட்டு பிலிமிலேயே பதிவான காலமாதலால், எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்பது பிலிமைக் கழுவி எடுத்த பிறகுதான் தெரியும். இத்தனை இடையூறுகளையும் மீறி கேட்பவர் நெஞ்சைத் தொடவேண்டுமானால், பாடுகிறவருக்கு அசாதாரணமான சாரீரம் வேண்டும். 1935-இல் 'நந்தனா'ராக நடிப்பதற்கு கே. பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தது அந்தச் சாரீரத்துக்குக் கொடுத்த விலைதான்.

குரல் வேறு, உடம்பு வேறு என்று பிரித்துவிட்டால் இந்தச் சங்கடமெல்லாம் தீரும் என்ற யோசனையை இங்கே துணிந்து செயல்படுத்தியவர் காரைக்குடி ஏ. வி. மெய்யப்பன். அவர் சினிமாவுக்கு வந்த வழியைக் கவனித்தால் இது யதேச்சையாக நடந்ததன்று என்பது புலப்படும். தகப்பனாரின் கடையில் கிராமபோன் தட்டுகள் விற்கத் தொடங்கி, பிறகு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற ஸ்தாபனத்தின் மூலம் இசைத்தட்டு வியாபாரத்தில் பேரெடுத்தவர் அவர். முகமே தெரியாத பாடகியின் குரலுக்காக ஜனங்கள் பணத்தை எண்ணிக் கொடுத்துத் தட்டை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவதைக் கடையின் மேஜைக்கு இப்புறம் நின்று அன்றாடம் பார்த்தவருக்கு, குரல் என்பது உடம்பை விட்டுத் தனியே வாழக்கூடியது என்று வேறொருவர் வந்து உபதேசிக்க வேண்டியதில்லை. கல்கத்தாவில் 1935-லேயே நிதின் போஸும் ராய்சந்த் போராலும் பின்னணிப் பாட்டைப் புகுத்திவிட்டார்கள். 1938-இல் மெய்யப்பன் எடுத்த 'நந்தகுமார்' படத்தில் நடிகை ஒருவர் வாயசைக்க, லலிதா வெங்கட்ராமன் என்பவர் பாடினார். தமிழ்ப் படத்தில் இரவல் குரல் புகுந்தது அவ்வாறுதான்.

பாட்டை இரவல் வாங்கியவர், 1944-இல் பேச்சையும் இரவல் வாங்கினார். கன்னடத்தில் வெளியாகி வெற்றி கண்ட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழில் குரல் மாற்றி வெளியிட்டார். ஒரு பாரத பாஷையிலிருந்து மற்றொன்றுக்கு இவ்வாறு மாற்றப்பட்ட முதற்படம் அது. யுத்த காலம், கச்சா பிலிமுக்குப் பெருந்தட்டுப்பாடு, படம் 11,000 அடிக்கு மேல் நீளலாகாது என்று சர்க்கார் உத்தரவு இருந்த சமயம். எடுத்த படத்தையே இன்னொரு பாஷையில் பேசவைப்பது அப்போது புத்திசாலித்தனமான வியாபாரமும் ஆயிற்று. ஆனால் மயானத்தில் சந்திரமதி புலம்புவதைக் கன்னடத்து நடிகையின் முகத்தில் பார்த்துக்கொண்டு, யாரோ ஒரு தமிழச்சியின் தொண்டையிலிருந்து கேட்ட நம் ஜனங்கள் அழுதார்களே, அது வியாபார சாமர்த்தியத்தால் மட்டும் விளைந்ததாகாது. அடுத்த வருஷம் 'ஸ்ரீவள்ளி'யில் நாயகி ருக்மிணியின் பாட்டு திருப்தி தராதபோது, எடுத்து முடித்த காட்சிகளின் உதட்டசைவுக்கே பொருந்தும்படி பி. ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து மாற்றினார் மெய்யப்பன். பாட்டைப் பதிவு செய்துகொண்டு அதற்கு வாயசைப்பது எளிது. அசைந்த வாய்க்குப் பாட்டைப் பொருத்துவது பகீரதப் பிரயத்தனம்.

டப்பிங் என்று நாம் வழங்கும் அந்தக் காரியம் பிலிம் காலத்தில் நடந்த அறையைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். இருட்டறை; எதிரே சின்னத் திரை; மைக் முன் ஒரு நடிகை. காட்சியின் ஒரு துண்டு பிலிமைத் தலையும் வாலும் சேர்த்து வளையமாக ஒட்டி யந்திரத்தில் மாட்டியிருப்பார்கள். லூப் என்பது அதன் பெயர். அதே முகம், அதே உதடு, அதே விசும்பல் திரையில் ஓயாமல் சுற்றிச் சுற்றி வரும். நடிகை அதைப் பலமுறை பார்த்து, எங்கே உதடு சேர்கிறது, எங்கே பிரிகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று மனத்தில் குறித்துக்கொள்கிறாள். பகரமும் மகரமும் உதடு சேராமல் பிறக்கா. ஆகவே திரையில் உதடு மூடும் இடத்தில் வசனத்திலும் அந்த எழுத்துக்களில் ஒன்று விழுந்தாக வேண்டும். வசனகர்த்தா அதற்காக 'அன்னை'யைத் தள்ளி 'அம்மா'வைப் போடுவார், 'தந்தை'யை 'அப்பா'வாக்குவார். இந்தக் கணக்கெல்லாம் சரியாக வந்தாலும் முகத்துக்கும் குரலுக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரிவதுண்டு. அதை அடைப்பது பேச்சுக்கு முன்னால் வரும் மூச்சுத்தான் என்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள். திரையில் இருப்பவள் பேசத் தொடங்கும் முன் நெஞ்சு விம்மும் அந்த அரைக்கணத்தில் மைக் முன் நிற்பவளும் மூச்சை உள்ளிழுத்தால் இரண்டு உடம்பும் ஒன்றாகிவிடும். மறந்துவிட்டால், எழுத்துக்கு எழுத்து பொருந்தினாலும் அது ஒட்டவைத்த குரலாகவே நிற்கும். நிஜமாகவே அழுதுவிட்டாலோ மூக்கடைத்து வார்த்தை கெடும். அழுகையின் விளிம்பில் நின்றுகொண்டு உச்சரிப்பைக் கெடாமல் காப்பாற்றுவது, என் அபிப்பிராயத்தில், நடிப்புக் கலையிலேயே மிகக் கடினமான அங்கங்களில் ஒன்று.

வடநாட்டுப் படங்கள் தமிழ் பேச வந்த கதையையும் இங்கே சொல்லிவிடலாம். நௌஷாத் இசையமைத்த ஒரு ஹிந்திப் படம் 1956-இல் 'வானரத'மாக வந்தபோது, பழைய மெட்டிலும் பழைய உதட்டசைவிலும் தமிழைப் பொருத்தும் கஷ்டமான பணியைக் கவி கம்பதாசன் ஏற்றார். லதா மங்கேஷ்கரே தமிழில் பாடினார். உச்சரிப்பில் குறை கண்டவர்கள் இருந்தார்கள், குரலில் குறை கண்டவர் இல்லை. பி. சரோஜாதேவியின் கன்னடச் சாயல் படிந்த தமிழைக் கொஞ்சும் தமிழென்று கொண்டாடியவர்களும் நாம்தாம். பாவம் நிறைந்திருந்தால் இலக்கணத்தைச் சற்று மன்னிக்கும் தாராளம் நம் காதுக்கு உண்டு.

கதைப்படங்களுக்கு வெளியே, வர்ணனைக் குரலின் சக்தியை இங்கே முதலில் பெரிய அளவில் பரீட்சித்தவர் ஏ. கே. செட்டியார். 1937-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில் அவருக்குக் காந்தியடிகளைப் பற்றிப் படமெடுக்கும் எண்ணம் உதித்தது. தேச தேசங்களாக அலைந்து, எவரெவரோ எங்கெங்கோ எடுத்து வைத்திருந்த பிலிம் துண்டுகளைச் சேகரித்து, 1940-இல் 'மகாத்மா காந்தி'யைத் தமிழ் வர்ணனையோடு வெளியிட்டார். வெவ்வேறு கைகள் வெவ்வேறு காலத்தில் எடுத்த அந்தத் துண்டுகளை ஒரே வாழ்க்கையாகக் கோத்தது அந்த வர்ணனைதான். கூடாரக் கொட்டகையின் பழைய விளக்கக்காரர் திரைக்குப் பக்கத்திலிருந்து திரைக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டார் என்று சொல்லலாம்.

பாட்டும் பேச்சும் இப்படி ஆட்சி செலுத்தியதால், மற்ற ஒலிகளின் மகிமையை நாம் தாமதமாகவே உணர்ந்தோம். 1954-இல் ஒரு பாட்டுக்கூட இல்லாமல் 'அந்த நாள்' வந்தது. அதை டைரக்ட் செய்த எஸ். பாலசந்தர் பின்னர் தேசமெங்கும் புகழ்பெற்ற வீணை வித்துவான் என்பது ஸ்வாரஸ்யமான விஷயம். எங்கே வாசிக்கலாகாது என்பது வித்துவானுக்குத்தானே தெரியும்! பாட்டு விலகியதும், துப்பாக்கி வெடிப்பும் அதற்குப் பின் வரும் நிசப்தமும் கதை சொல்லத் தொடங்கின. கோடம்பாக்கத்தில் எஃபெக்ட்ஸ் என்று சொல்லப்படும் துறையின் பெருமை இங்கேதான் இருக்கிறது. எஃபெக்ட்ஸ்காரரின் ஆஸ்திகளைப் பார்த்தால் சிரிப்பு வரும்: குதிரைக் குளம்புக்கு இரண்டு கொட்டாங்கச்சி, இடிக்கு ஒரு தகரத் தகடு, காலடிக்கு மணலும் சரளையும் நிரப்பிய தட்டு, பழைய செருப்புகள், ஒரு ஜோடிச் சலங்கை. திரையில் கதாநாயகன் நடந்தால், இவர் இருந்த இடத்திலேயே சரளையின்மேல் நடக்கிறார். கோபத்தில் நடப்பவனும், செத்த வீட்டுக்கு நடப்பவனும், கடன் கேட்கப் போகிறவனும் ஒரே மாதிரி அடிவைப்பதில்லை. அந்த வித்தியாசத்தைக் கால் பெருவிரலால் காட்டத் தெரிந்தவர் நடிகரல்லாமல் வேறு யார்?

வசனமே இல்லாமல் சிங்கீதம் சீனிவாசராவ் எடுத்து 1987-இல் வந்த 'பேசும் பட'த்தில் ஒரு காட்சி வருகிறது. சினிமாக் கொட்டகையின் இரைச்சலுக்குப் பக்கத்தில் குடியிருந்து பழகிய ஏழை இளைஞன், ஆடம்பர ஓட்டலின் மெத்தையில் படுத்தும் தூக்கம் வராமல் புரள்கிறான். பின்பு பழைய இடத்துக்குப் போய் அந்த இரைச்சலை டேப்பில் பிடித்துவந்து, அதைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறான். இரைச்சலுக்கும் மனிதனுக்கும் ஏற்படும் பாந்தவ்யத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்டியவர் நம் சினிமாவில் இல்லை.

பின்னணி இசை சேர்ப்பதற்குக் கோடம்பாக்கத்தில் ரீ-ரெக்கார்டிங் என்று பெயர். பிலிம் காலத்தில் ஆயிரம் அடி கொண்ட ஒரு ரீல் சுமார் பதினொரு நிமிஷம் ஓடும். அதைத் திரையில் ஓட்டிப் பார்த்து, எந்த விநாடியில் வயலின் எழ வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்று தீர்மானிப்பார்கள். 1976-இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா, ரீலைப் பார்த்துவிட்டு வாத்தியத்தைத் தொடாமலே காகிதத்தில் ஸ்வரங்களை எழுதித் தந்துவிடுவார் என்பது தெரிந்த கதை. எழுதியதைவிட அவர் எழுதாமல் விட்ட இடங்களையே நான் அதிகம் மதிக்கிறேன். அவர் வந்த மறுவருஷம் '16 வயதினிலே' காமிராவை வயல்வெளிக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. வெளிப்புறத்தில் காமிராவின் சத்தமும் வேடிக்கை பார்ப்பவர்களின் சத்தமும் பேச்சோடு கலந்துவிடுமாதலால், படம் முழுவதற்கும் பின்னால் டப்பிங் செய்வது இன்றியமையாததாயிற்று. நடிகருக்கே தம் குரலை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கையில், வேறொருவரைக் கொண்டு கொடுத்தால் என்ன என்ற எண்ணம் வருவது இயல்புதானே. எண்பதுகளில் நடிகர் மோகன் திரையில் பேசிய மென்மையான குரல் எஸ். என். சுரேந்தருடையது. 1993-இல் 'அமராவதி'யில் அறிமுகமான அஜித்துக்குப் பேசியவர், அப்போது வாய்ப்புத் தேடிக்கொண்டிருந்த விக்ரம். 'பம்பாய்' படத்தில் மனீஷா கொய்ராலா தமிழில் தவித்த தவிப்பு நடிகை ரோகிணியின் தொண்டையில் பிறந்தது. அந்த முகங்களுக்குக் காதல் கடிதம் எழுதிய வாலிபர்களில் எத்தனை பேர் தாங்கள் பாதி எழுதியது வேறொருவருக்கு என்று அறிந்திருப்பார்கள்?

இதை மோசடி என்று சொல்கிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கட்சியில் சேர மனமில்லை. பின்பாட்டுக்காரர் பாடியது மோசடியானால் கூத்து முழுவதும் மோசடியே. குரலை இரவல் வாங்கியதில் பாவமில்லை. கொடுத்தவர் பெயரைச் சொல்லாததுதான் பாவம். பின்னணிப் பாடகர்களுக்கும் முதலில் இந்த கதிதான் நேர்ந்தது. 1949-இல் ஹிந்தி 'மஹல்' படத்துத் தட்டில் பாடகியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் படத்தின் கதாபாத்திரத்தின் பெயரை அச்சிட்டார்கள்; பாடியவர் லதா மங்கேஷ்கர். அந்த அநீதி விரைவிலேயே நீங்கியது. 1968-ஆம் வருஷத்துப் படங்களுக்கான தேசிய விருதுகளில் 'உயர்ந்த மனித'னில் பாடிய பி. சுசீலா சிறந்த பின்னணிப் பாடகியாகக் கௌரவிக்கப்பட்டார். பேசிய குரலுக்குத் தமிழ்நாடு அரசு தன் விருதுப் பட்டியலில் இடம் தந்திருக்கிறது. தேசிய விருதுகளிலோ பாடிய குரலுக்கு விருது உண்டு, ஒலிப்பதிவுக்கு உண்டு, ஆவணப்படத்தில் வர்ணனை சொன்ன குரலுக்கும் உண்டு. கதைப்படத்தில் இன்னொருவருக்காகப் பேசி அழுத குரலுக்கு மட்டும் கிடையாது. விருதுக் குழுவினர் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதுவரையில், வெள்ளித்திரையில் பெயர்கள் ஓடும்போது ரஸிகர்கள் எழுந்துவிடாமல் பின்னணிக் குரல் என்ற வரி வரும்வரை உட்கார்ந்திருந்து அந்தப் பெயரையும் படித்துவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.